மலாயாவை ஆட்டிப்படைத்த பேய்ப்படம்

ஊருக்கு வெளியே உள்ள புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இருட்டிய பிறகு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்போமா? மாட்டோம்.

அதே பேய் படக்கொட்டகையில் வருகிறது என்றால்? காசு கொடுத்து டிக்கெட் வாங்குவோம். பிள்ளைகுட்டிகளோடு போய் உட்காருவோம். பேய் வரும்போது கையால் கண்ணைப் பொத்திக்கொள்வோம். ஆனால், விரல் இடுக்கு வழியாகப் பார்ப்போம்!

உலகம் முழுவதும் இதே கதைதான். 1931-ம் ஆண்டு அமெரிக்காவில் "டிராகுலா" வந்தது. அதே ஆண்டு "பிராங்கன்ஸ்டைன்" வந்தது. 1933-ல் "கிங்காங்" என்ற ராட்சத குரங்கு வந்தது. 1954-ல் ஜப்பான் கடலில் இருந்து "காட்ஜில்லா" எழுந்து வந்தது. எல்லாம் கறுப்பு - வெள்ளைப் படங்கள். எல்லாவற்றுக்கும் கூட்டம் அலைமோதியது.

இவற்றைப் போலவே மலாயாவை ஆட்டிப்படைத்த ஒரு பேய்ப்படம் உண்டு. அந்தப் படத்தை எடுத்தவர், அதற்கு முன்பு தமிழ்ப்படங்கள் எடுத்தவர்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

சபராளிகள்

இராமநாதபுரம் கடற்கரைக்கும் மலாயாவுக்கும் பழைய உறவு உண்டு. இராமேசுவரம் தீவில் இருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். மலாயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்துக்குப் போய், "ரஜூலா" போன்ற கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கீழக்கரை, பனைக்குளம், தொண்டி முதலிய ஊர்களில் இப்படிக் கடல் கடந்து போகிறவர்களுக்கு "சபராளி" என்று பெயர். "சபர்" என்றால் பயணம்.

சபராளி ஊருக்குத் திரும்பினால் தெருவே கூடிவிடும். பெட்டிக்குள் கைலி இருக்கும். கோடாலித் தைலம் இருக்கும். பெட்டியில் அடங்காத சாமான் ஒன்றும் உண்டு. அதுதான் கதை. இரவுச் சாப்பாடு முடிந்ததும், திண்ணையில் உட்கார்ந்து அந்த நாட்டு அதிசயங்களைச் சொல்லுவார்கள். அதில் மலாய்ப் பேய்களுக்கும் பங்கு உண்டு.

மலாய்க்காரர்கள் மிகவும் அஞ்சும் பேயின் பெயர் "பொந்தியானக்". பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண், இப்படிப் பேயாக அலைவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. நீண்ட கூந்தல். வாழை மரத்தில் வாசம். அவள் வரும் முன்னே பூவாசனை வருமாம்!

இது நமக்குப் புதிது அல்ல. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக, சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டுவைப்பது நம் நாட்டு வழக்கம். பேய் ஓட்டுகிறவர், பேய் பிடித்தவரின் உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பதும் உண்டு. மலாயாவிலும் ஆணி அடிப்பார்கள். ஆனால் மரத்தில் அல்ல, பேயின் பிடரியில்! ஆணி இறங்கியதும் பேய் அழகான பெண்ணாக மாறிவிடுமாம். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பேய்.

கூனிப் பெண்

1957-ம் ஆண்டு சிங்கப்பூரில் உள்ள "கேத்தே கெரிஸ்" கம்பெனி, இந்தப் பேயை வைத்துப் படம் எடுத்தது. படத்தின் பெயரே "பொந்தியானக்"தான்.

டைரக்டர் பி. என். ராவ். இந்தியாவில் இருந்து போனவர். "ரம்பையின் காதல்" (1939), "மதனகாமராஜன்" (1941), "சாலிவாகனன்" (1945) ஆகிய தமிழ்ப்படங்களை டைரக்ட் செய்தவர் இவரே. எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆவதற்கு முன்பு நடித்த படங்களில் ஒன்று "சாலிவாகனன்". ரம்பையைப் படம் பிடித்தவருக்குப் பேயைப் படம் பிடிப்பது கஷ்டமா, என்ன?

கதையைக் கேளுங்கள்.

சோமல் என்று ஒரு பெண். "சோமல்" என்றால் மலாய் மொழியில் அழகு என்று பொருள். ஆனால் அவளோ கூனி. முகம் விகாரம். மந்திரம் தெரிந்த ஒரு கிழவர் அவளை எடுத்து வளர்த்தார். சாகும்போது, "என் பொருள்களை எல்லாம் எரித்துவிடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அவள் எரிக்கப் போனாள். அதற்குள் ஒரு ரகசியம் அவள் கண்ணில் பட்டது. குரூபியை அழகியாக்கும் மருந்தின் செய்முறை! எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? மருந்து செய்து குடித்தாள். பேரழகி ஆனாள். ஒரே ஒரு நிபந்தனை. இரத்தத்தை வாயால் தீண்டக்கூடாது.

கல்யாணம் நடந்தது. குழந்தையும் பிறந்தது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடித்துவிட்டது. "விஷத்தை உறிஞ்சி எடு" என்று அவன் துடித்தான்.

அவள் என்ன செய்வாள்? உறிஞ்சினால் தன் வாழ்வு போய்விடும். உறிஞ்சாவிட்டால் அவன் உயிர் போய்விடும்.

உறிஞ்சினாள். இரத்தம் நாக்கில் பட்டது. பேய் ஆகிவிட்டாள்!

இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். பேய் என்றால் கெட்டது என்றுதானே நினைக்கிறோம்? இவள் புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள். அவளைக் கண்டு பயப்படவும் வேண்டும். அவளுக்காக அழவும் வேண்டும். "கிங்காங்" உச்சிக் கட்டிடத்தில் இருந்து விழுந்தபோதும் ஜனங்கள் கைதட்டவில்லை, "ஐயோ பாவம்" என்றுதான் சொன்னார்கள்.

சோமலாக நடித்தவர் மரியா மெனாடோ. மலாயாவின் பெரிய அழகி என்று பெயர் வாங்கிய நட்சத்திரம். அந்த முகத்தைத்தான் மேக்கப் போட்டு விகாரமாக்கினார்கள்!

சிங்கப்பூரின் பெரிய தியேட்டரான "கேத்தே"யில் படம் வெளியானது. மலாய்க்காரர்களோடு சீனர்களும் இந்தியர்களும் திரண்டார்கள். படம் பல வாரங்கள் ஓடியது. படத்தில் ஒரு தமாஷும் உண்டு. "சத்தே" விற்பவராக வாகித் என்ற நடிகர் வருவார். சத்தே என்பது, இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டும் பண்டம். அந்த வேடம் பிரபலமாகி, அவர் பெயரே "வாகித் சத்தே" என்று ஆகிவிட்டது. பேய்ப்படத்தில் ஒரு சிரிப்பு நடிகர்! இது நம் ஊர்ப் பக்குவம். பயந்த வயிறு கொஞ்சம் சிரித்தால்தானே, மறுபடியும் பயப்படத் தெம்பு வரும்?

சாகாத பேய்

படம் ஓடினால் பேய் சாகாது. இது சினிமா உலக விதி.

"பிராங்கன்ஸ்டைன்" படத்தின் முடிவில், பூதம் காற்றாலையோடு எரிந்தது. 1935-ல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். ஆலைக்கு அடியில் தண்ணீர் தேங்கி இருந்ததாம். அதில் விழுந்து பூதம் பிழைத்துக்கொண்டதாம்! போகட்டும், பூதத்துக்குப் பெண்ணும் பார்த்தார்கள். "கிங்காங்" வந்த அதே ஆண்டிலேயே அதன் மகனும் வந்துவிட்டான்.

பொந்தியானக்கும் அப்படியே. "டெண்டம் பொந்தியானக்" 1957-ம் ஆண்டே வந்தது. அதாவது, பேயின் பழி. 1958-ல் மூன்றாவது படம், "சும்பா பொந்தியானக்". அதாவது, பேயின் சாபம். இதில் பேய்க்கு வளர்ந்த மகள் இருக்கிறாள். பேயாகிவிட்டாலும் தாய், தாய்தான். மகளுக்கு ஆபத்து வந்தால் விடுவாளா?

போட்டிக் கம்பெனியான "ஷா" சகோதரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் ஒரு பொந்தியானக் படம் எடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் நம் ஊர் டூரிங் கொட்டகைகளும் ஜாலப்படங்களுக்குக் குறை வைக்கவில்லை. "பாதாள பைரவி" 1951-ல் வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1952-ல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து "காடு" எடுத்தார்கள். யானைக்கு உரோமத்தை ஒட்டி, பழங்கால ராட்சத மிருகம் ஆக்கினார்கள்! "பொந்தியானக்" வந்த 1957-ல்தான், இங்கே "மாயா பஜா"ரில் ரங்காராவ் கடோத்கஜனாக வந்து, கல்யாண விருந்தை ஒரு பிடி பிடித்தார். அவரைப் பார்த்துக் குழந்தைகள் பயந்ததை விட, சிரித்ததுதான் அதிகம்.

கடற்கரை ஊரில் டூரிங் கொட்டகை என்றால் சொல்லவேண்டியது இல்லை. கீற்றுக் கூரை. தரை டிக்கெட்டுக்கு மணல். முன்னால் இருப்பவர் மறைக்காமல் இருக்க, மணலைக் குவித்து ஏறி உட்காரலாம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற இடையிடையே விளக்கைப் போடுவார்கள். மாயாவி கையை ஓங்கும் நேரத்தில் விளக்கு வந்துவிடும். முறுக்குக்காரர் வந்துவிடுவார். பயத்தை வாயில் முறுக்கோடு வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு சுகம்.

கறுப்பு - வெள்ளைக்கு ஒரு தனிச் சக்தி உண்டு. இரத்தம் அதில் சிவப்பாகத் தெரியாது, கறுப்பாகத் தெரியும். சிவப்பை நம் மனம் பூசிக்கொள்ளும். இருட்டு எங்கே முடிகிறது, கூந்தல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இப்போது வரும் படங்களில் கம்ப்யூட்டர் மூலம் பேயின் பல் இடுக்கைக்கூடக் காட்டிவிடுகிறார்கள். பிறகு பயப்பட என்ன மிச்சம்?

எங்கே அந்தப் படம்?

இனிச் சொல்லப்போவதுதான் வருத்தமான செய்தி.

"பொந்தியானக்" முதல் படம் இப்போது இல்லை. இரண்டாவது படமும் இல்லை. கம்பெனியின் பங்குதாரராக இருந்த ஹோ ஆ லோக், அந்தப் பிரதிகளைத் தண்ணீரில் எறிந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். எப்படியோ, இரண்டு படங்களும் போய்விட்டன. சாகாத பேய், கடைசியில் தண்ணீரில் செத்தது.

மூன்றாவது படம் பிழைத்தது. சிங்கப்பூரில் ஆசிய திரைப்படக் காப்பகம், கேத்தே கெரிஸ் கம்பெனியின் 91 மலாய்ப் படங்களைப் பத்திரப்படுத்தி இருக்கிறது. 2014-ம் ஆண்டு "யுனெஸ்கோ" அந்தத் தொகுப்பை, ஆசிய - பசிபிக் பகுதியின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2019-ல் சிங்கப்பூர்க்காரர்கள், காணாமல் போன இரண்டாவது படத்தின் பெயரிலேயே புதிய வண்ணப்படம் ஒன்றை எடுத்தார்கள்.

ஆனாலும், சோமல் பாம்பின் விஷத்தை உறிஞ்சிய அந்தக் காட்சி? முகம் எப்படி மாறியது? கொட்டகையில் முதலில் அலறியது ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா? இவை எல்லாம், 1957-ல் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அன்று 15 வயதுப் பையனாகப் பார்த்தவருக்கு, இன்று 80 வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

அவர்களில் சிலர் இன்னும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கலாம். சிலர் ஊர் திரும்பி, கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு திண்ணையில் சாய்ந்திருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு சபராளித் தாத்தா இருந்தால், இன்று சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பொந்தியானக் படம் பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.