குளிரைக் காக்கும் கண்ணாடிக்கூடம்

குளிர்நாடுகளில் கண்ணாடிக்கூடம் கட்டுவது செடிகளுக்குக் கதகதப்புத் தர. ஆண்டு முழுக்கப் புழுங்கும் சிங்கப்பூரிலோ, குளிரைக் காக்கக் கட்டியிருக்கிறார்கள். 2012இல் திறக்கப்பட்ட ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவின் மலர்க்கூடம் 1.2 ஹெக்டேர் பரப்பும் 38 மீட்டர் உயரமும் கொண்டது. உள்ளே ஆலிவ் மரங்களும் ஆப்பிரிக்கப் பாவோபாப் மரங்களும் செழித்து நிற்கின்றன.

கண்ணாடி வழியே வெளிச்சம் எளிதாக உள்ளே வரும். தரையும் செடியும் அதை வாங்கிச் சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தங்கிவிடும். வெயிலை முழுதாக மறைத்தாலோ செடி வாடும். அதனால் இங்கே பெருமளவு வெளிச்சத்தை விட்டு, வெப்பத்தில் கணிசமான பங்கைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி. வெயில் ஏறினால் கூரைக்கு வெளியே துணித்திரைகள் தாமாக விரிகின்றன. வெளியே இருப்பதுதான் முக்கியம். உள்ளே போட்ட திரை, ஏற்கெனவே நுழைந்துவிட்ட சூட்டைத்தான் மறிக்கும்.

உண்மையான கெட்டிக்காரத்தனம் தரையில் இருக்கிறது. அத்தனை உயரத்தையும் குளிர்விக்க யாரும் முனையவில்லை. தரைக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீர் ஓட, மனிதர் நடமாடும் கீழ்ப்பகுதி மட்டும் குளிர்கிறது. சூடான காற்று மேலேறி உச்சியில் வெளியேறுகிறது. உள்ளே விடும் காற்றின் ஈரத்தை ஒரு கரைசல் முன்னதாகவே உறிஞ்சிவிடுவதால் குளிரூட்டும் செலவு குறைகிறது. நகரத்து மரங்களில் கழித்த கிளைகளை எரித்துப் பெறும் ஆற்றலும் இதற்கு உதவுகிறது.

வீட்டுக் கண்ணாடி அறைக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். வெளிப்பக்கம் நிழல்வலை, தரையருகே ஒரு திறப்பு, கூரையில் ஒரு திறப்பு: இவை இருந்தாலே புழுக்கம் வெகுவாகத் தணியும்.