முதல் முட்டை அம்போ!

குயில் வம்சம் என்றாலே நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. காக்கா கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டு, 'வளர்த்துக்கோ தாயே' என்று கம்பி நீட்டுகிற பார்ட்டி! அதே வம்சத்துப் பங்காளிகள் மத்திய, தென் அமெரிக்கப் பக்கம் இருக்கிறார்கள். பெயர், ஆனி. (ஆடிக்கு முந்தின ஆனி இல்லை, சார்!) கன்னங்கரேலென்ற உடம்பு, புடைத்த மூக்கு. பார்த்தால் காக்காவுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி இருக்கும்.

மூன்று வகை ஆனிகளில் பெரிய ஆனியின் கதைதான் சுவாரஸ்யம். பனாமா கால்வாய்க்காக உண்டாக்கிய கட்டூன் ஏரிக்கரையில், இரண்டு, மூன்று, சமயத்தில் நான்கு ஜோடிகள் சேர்ந்து தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளைகளில் ஒரே கூடு கட்டும். சொந்தபந்தமும் கிடையாது. மேன்ஷன் ரூம்மேட் கேஸ்!

எல்லாப் பெண்களும் அந்த ஒரே கூட்டில்தான் முட்டையிட வேண்டும். அங்கேதான் வில்லங்கம். தான் முட்டையிடாத வரை, உள்ளே கிடப்பது நிச்சயம் அடுத்தவளுடையது. எனவே உருட்டி வெளியே... தொபுக்கடீர்! தன் முதல் முட்டையைப் போட்ட மறுநிமிஷம் பரம சாதுவாகிவிடும். காரணம், எது தன் முட்டை என்று அதற்கு அடையாளம் தெரியாது. தள்ளப்போய் தன் தலையிலேயே மண் விழுந்தால்? ஆக, முந்திக்கொண்டு இடுகிறவளுக்குத்தான் நஷ்டம். கடைசியில் வருகிறவளுக்குச் சேதாரமே இல்லை.

இத்தனை அடாவடி நடக்கிற வீட்டில் எதற்கு இருக்கணும், தனிக்குடித்தனம் போய்த் தொலைக்க வேண்டியதுதானே? பறவை ஆய்வாளர் கிறிஸ்டினா ரீல் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. பாம்பும் குரங்கும் முட்டைக்கு அலைகிற இடம் அது. தனி ஜோடி குஞ்சுகளைக் கரையேற்றுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஜோடிகள் கூடக்கூட, பிழைக்கிற குஞ்சுகளும் கூடுகின்றன. ஒன்றிரண்டு முட்டை போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

வெளியாள் நைசாக வந்து முட்டையைச் செருகினால்? அதற்கும் வழி உண்டு. புது முட்டை மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைப் பூச்சு இருக்கும். அடைகாக்கையில் உரசி உரசி அது உதிர்ந்து, அடியிலுள்ள நீலம் தெரியும். எல்லாம் நீலமாகிக் கிடக்கும்போது ஒன்று மட்டும் பளீரென்று வெள்ளையா? திருட்டுச் சரக்கு, வெளியே போ!

பகலில் எல்லோரும் மாறி மாறி அடைகாப்பார்கள். இருட்டினால் உட்காருவது ஓர் ஆண் பறவை. அத்தனை பேர் முட்டைக்கும் சேர்த்து, விடிய விடிய அந்த ஓர் ஆள்தான். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் கிடையாது!