"பிந்திக் கதைப்பான்" என்று காத்திருக்க வேண்டாம்

புங்குடுதீவில் இரண்டு வயதுப் பிள்ளை இன்னும் கதைக்கவில்லையென்றால் வீட்டுக்கு வருபவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்." "கண்ணூறு பட்டிருக்கும்." "தாய் போனைக் குடுத்துப் பழக்கிப்போட்டாள்." இந்த மூன்றாவதுதான் மிகவும் நோகிற பேச்சு. கணவன் வெளிநாட்டில் உழைக்க, தனியே பிள்ளையைப் பார்க்கிற தாயின் தலையில் பழி விழுகிறது.

கதைக்கப் பிந்துவது சிலவேளை ஓட்டிசத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஓட்டிசத்துக்குத் தாயே காரணம் என்று இதே பழியை உளவியலும் ஒருகாலத்தில் சுமத்தியது. 1943இல் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்த லியோ கானர், பெற்றோரின் ஒட்டாத சுபாவத்தையும் குறிப்பிட்டார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தாயின் அன்பின்மையே காரணம் என்று நூல் எழுதினார். அது பிழை. ஓட்டிசமுள்ள மகனின் தகப்பனான உளவியலாளர் பேர்னார்ட் றிம்லண்ட், இது மூளையோடு சம்பந்தப்பட்டது என்று 1964இலேயே வாதிட்டிருந்தார். மரபணுவின் பங்கு பெரிது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட இதழே 2010இல் மீளப்பெற்றது.

மற்றவரின் மனதில் என்ன நினைப்பு இருக்கும் என்று ஊகிப்பது ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்குக் கடினம் என்றது 1985இல் சைமன் பாரன்-கோகன் குழுவின் பொம்மைச் சோதனை. அதில் 20 பேரில் 16 பேர் தவறினார்கள். ஆனால் தானே ஓட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் திருப்பிக் கேட்டார்: நீங்கள் மட்டும் எங்களை விளங்கிக்கொள்கிறீர்களா? இந்தக் கேள்வி எங்களுக்கும்தான். கண்ணகை அம்மன் கோவில் திருவிழாவில் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளையை அடங்காதது என்கிறோம். அதன் காதுக்கு அந்த ஒலிபெருக்கி எப்படிக் கேட்கிறது என்று யோசிப்பதில்லை.

ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவது நடத்தை உளவியலின் வழி. பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அதன் முன்னோடி ஐவர் லோவாஸ் தொடக்கத்தில் அடியும் மின்னதிர்ச்சியும் பயன்படுத்தினார். தண்டித்துத்தான் திருத்தலாம் என்று யாரும் சொன்னால் பிள்ளையை அங்கே விடாதீர்கள். "முற்றாகக் குணமாக்குவேன்" என்பவரையும் நம்பாதீர்கள். உடலிலிருந்து உலோகம் நீக்குவதாகச் சொல்லி ஏற்றிய மருந்தால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று இறந்தது.

ஓட்டிசம் அரிதான ஒன்றல்ல. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாதது, வந்த சொற்கள் மறைவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். பாலம் தாண்டிப் போய்வர ஒரு நாளே கரையும் என்பதால், வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

"இந்தப் பிள்ளையை வைச்சிருக்கேலாது" என்று பாடசாலை சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இயலாமையைக் காட்டிச் சேர்க்க மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் முறையிடலாம். அங்கே ஒரு மாதத்துக்குள் போவது நல்லது. அடிப்படை உரிமை வழக்குக்கான கால எல்லை அதுதான். அதற்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் கணக்கிடப்படாது.