டைவ்மாஸ்டர் பயிற்சியா? பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்!

"அம்மா, ஹேவ்லாக்கில் டைவ்மாஸ்டர் பயிற்சிக்குப் போறேன்" என்கிறாளா மகள்? ஸ்கூபா முழுக்குப் போடுகிறவர்களைக் கடலடிக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாகக் கூட்டிவரும் உத்தியோகம் அது. பதறாதீர்கள், பயிற்சி நிலையத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பி.ஏ.டி.ஐ. என்ற உலக அமைப்பின் விதிப்படி 18 வயது, மீட்புப் பயிற்சி, டாக்டர் சான்றிதழ், சேரும்போது 40 முழுக்கு, முடிக்கும்போது 60 வேண்டும். இதையெல்லாம் விசாரிக்காமலே "உடனே சேர்த்துக்கறோம்" என்றால், அந்த இடமே வேண்டாம்!

அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். அப்போது முதல் உதவி ஆக்ஸிஜன்தான். படகில் இருக்கா என்று கேளுங்கள். "இருக்கு" என்றால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புடவைக் கடையில் முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்கிறோமே, இதற்கென்ன கூச்சம்?

இலவசப் பயிற்சி என்றால் சிலிண்டர் தூக்கியே பொழுது போய்விடலாம். பாடம் எத்தனை நாள், வேலை எத்தனை நாள் என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.