ஆண்டிறுதியில் ஒரு நூற்கணக்கு



வணிகர் ஆண்டுக்கொருமுறை கணக்கு முடிப்பர். துறைமுகத்தார், கரையடைந்த கப்பல் இத்தனை, இறங்கிய சரக்கு இத்தனை டன் என்று ஆண்டறிக்கை வெளியிடுவர். கலாசாலையிலும் தேர்வு, விளையாட்டு, விடுதி ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஆண்டறிக்கை உண்டு. ஆயின், ஓராண்டில் நாம் கற்ற நூல்கள் யாவை, அவை நமக்குச் செய்தது யாது என்னும் கணக்கை மட்டும் நாம் எழுதுவதில்லை. எழுதும் சிலரும் அதனைத் தம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். கற்றோர் தம் அபிப்பிராயங்களை ஆண்டுதோறும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் எத்தகையது, அதனால் விளையும் பயன் யாது, அதனை நடத்தும் முறை எங்ஙனம் என்பவற்றைச் சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றது என்று எண்ணுவோர் சிலர் உளர். அவர்கள் இராயபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சிறிது தூரம் சென்றாற் போதும். திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டொன்று 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறுகின்றது. சோழ வேந்தனாகிய இரண்டாம் இராஜாதிராஜனது ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவின் ஆறாம் நாளன்று, அவ்வரசன் கோயில் மண்டபத்திலே அமர்ந்து, ஆளுடைய நம்பி எனப்படும் சுந்தரமூர்த்தி நாயனாரது புராணத்தைக் கேட்டருளினான். அங்கிருந்த மடத்தின் தலைவராகிய சதுரானன பண்டிதரும் உடனிருந்தார். ஆண்டுதோறும் வரும் ஒரு விழாவிலே, பலரறிய, ஒரு நூல் படிக்கப்பட்டு விளக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அக்கல்வெட்டு கூறாத ஒன்றும் உண்டு. அரசன் கேட்டான் என்று கல் கூறுகின்றது. கேட்டபின் என்ன கருதினான் என்று கூறவில்லை. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், அவரிடம் கூறிய சூளுறவைத் தவறியதும், அதனாற் கண்ணிழந்ததும் இவ்வூரோடு தொடர்புடைய செய்திகள். விழாவுக்கு வந்திருக்கக்கூடிய பரதவர், எண்ணெய் வாணிகர், பூத்தொடுப்போர் ஆகியோர் அவற்றைக் கேட்டு யாது பேசிக்கொண்டனர்? சுந்தரர் செய்தது முறையோ என்று வழக்காடினரோ? சங்கிலியார்பால் இரங்கினரோ? அறிதற்கு வழியில்லை. நூல் நின்றது, கேட்ட வேந்தன் பெயர் நின்றது, கேட்டோர் கருத்து மட்டும் காற்றோடு போயிற்று. பண்டைக் காலத்துக்கு நேர்ந்த இவ்விழப்பு நம் காலத்துக்கும் நேராதிருத்தல் வேண்டும்.

தொழிலாளர் நிறைந்த இடங்களில் இது கூடுமோ என்று ஐயுறுவோர்க்குக் கியூபாத் தீவின் செய்தி விடை தரும். ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில் 1865-ஆம் ஆண்டில் ஒரு புதுமை தொடங்கிற்று. தொழிலாளர் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, பத்திரிகையையும் நூல்களையும் உரக்கப் படிப்பார். அவர்க்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். எந்நூலைப் படிப்பது என்பதையும் பிற்காலத்தில் அவர்களே வாக்களித்து முடிவு செய்தனர். மறு ஆண்டே அரசாங்கத்தார் இதனைத் தடை செய்தனர். தடை நீங்கியபின் வழக்கம் மீண்டும் தழைத்தது. கையால் அமைதியாகச் செய்யும் தொழிலாதலின் அங்குப் படிப்போர் குரல் கேட்டது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உள்ள ஆலைகளின் பொறியோசைக்கிடையே அது கேளாது. ஆதலின், நம் பகுதியில் நூலைப் பற்றிய பேச்சு வேலை நேரத்துக்குப் பின்னரே நிகழ்தல் வேண்டும். அதற்கென ஒரு நாளைக் குறித்தல் இன்றியமையாததாகின்றது.

தமிழ்நாட்டிலேயே இதனை முறையாக நடத்திக் காட்டிய ஓர் அமைப்பு உண்டு. சென்னையில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இலக்கியச் சிந்தனை என்பதே அது. ஒவ்வொரு மாதமும் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளிவந்த சிறுகதைகளைப் படித்து, அவற்றுள் சிறந்ததொன்றைத் தேர்ந்து, அதற்குரிய காரணங்களை மாதக் கூட்டத்திலே எடுத்துரைத்தனர். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகள் சேர்ந்தன. அவற்றுள் தலைசிறந்தது யாதென வேறொருவர் ஆராய்ந்து கூறினர். பன்னிரண்டும் ஒரு தொகுதியாக வெளிவந்தன.

இம்முறையில் நாம் கைக்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, எல்லை சிறிதாக வகுக்கப்பட்டது. ஒரு மாதத்துக் கதைகள் என்னும்போது எவரும் மலைப்படைய வேண்டுவதில்லை. இரண்டாவது, தேர்ந்தவர் தம் காரணத்தைப் பலர் முன்னிலையிற் கூறுதல் வேண்டும். ‘எனக்குப் பிடித்தது’ என்று சொல்லி எழுந்துவிடல் ஆகாது. மூன்றாவது, மாதத் தீர்ப்பு ஆண்டிறுதியில் மறுபடியும் நிறுக்கப்பட்டது.

இம்மூன்றாவதே ஆண்டுக் கணக்கின் உயிர்நிலை என்பேன். ஒரு நூலைப் படித்து முடித்த அன்று நாம் கூறும் கருத்து, விருந்துண்டு எழுந்தவன் கூறும் புகழுரை போன்றது. ஆறு மாதங் கழித்து அந்நூலில் எது நினைவில் நிற்கின்றது என்று பார்த்தால், அன்று வியந்த பல பகுதிகள் உதிர்ந்திருக்கும். கவனியாது கடந்த ஒரு வரியோ ஒரு பாத்திரமோ உள்ளத்தில் வேரூன்றியிருக்கும். காலம் ஒரு நல்ல முறம். பதரைத் தள்ளி மணியை நிறுத்துகின்றது.

இனி, அபிப்பிராயம் என்பது யாது? ‘மிக நன்று’ என்பதும் ‘சுவையில்லை’ என்பதும் அபிப்பிராயம் ஆகா, அவை தலையசைப்புக்கள். கற்றவர் தம் வாழ்க்கையால் அறிந்த ஒன்றை நூலோடு வைத்துப் பார்த்துக் கூறுவதே அபிப்பிராயம். இதனை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் அல்லர். இராயபுரத்தில் எங்கள் தெருவிலே, துறைமுகத்தில் நெடுங்காலம் கிரேன் இயக்கி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். கிளை நூலகத்திலிருந்து வாரந்தவறாது நூல் எடுத்து வருவார். யான் கல்லூரியிற் சேர்ந்த புதிதில், பலரும் புகழ்ந்த கடற்கதை ஒன்றை மிகுந்த பெருமையோடு அவர் கையிற் கொடுத்தேன். பத்து நாட் கழித்துத் திருப்பித் தந்தவர், “கதை நல்லாத்தான் இருக்குது, தம்பி. இதுல அலை இருக்குது, காத்து இல்ல” என்றார்.

யான் விளங்காது நின்றேன். அவர் பின்னர் விளக்கினார். கடலோடு பிழைப்பவன் விடியலில் முதற்கண் பார்ப்பது காற்றை. மீனவர் வலையெடுப்பதும், காற்று மிக்கபோது கிரேன் வேலையை நிறுத்துவதும் அதனாலேயே. கதாசிரியரோ கரையில் நின்று அலையின் அழகை மட்டும் கண்டு எழுதிவிட்டார். இத்துணைக் கூரிய மதிப்புரையை அந்நூலைப் பற்றி யான் பின்னர் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அப்பெரியவர் மறைந்தபின் அவர் மகளார் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எனக்குக் காட்டினார். பல ஆண்டுகளாக அவர் படித்த நூல்களின் பெயர்கள் தேதியோடு வரிசையாக எழுதப்பட்டிருந்தன. என் கடற்கதையின் பெயரும் இருந்தது. அதனருகே ஒரு சொல்லும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எங்கும் பெயரும் தேதியுமே. “அப்பா சொல்றதை நாங்க யாரும் எழுதி வைக்கலையே” என்று அவர் வருந்தினார். திருவொற்றியூர்க் கல்வெட்டு அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. கேட்டது பதிவாகியிருந்தது, கருதியது பதிவாகவில்லை. யானும் கேட்டவனே, எழுதி வைத்தேனல்லேன்.

ஆதலின் மாணவ நண்பர்கட்கும் பழைய மாணவர்கட்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கத் துணிகின்றேன். ஆண்டுக்கொருமுறை, நூற்கணக்கு நாள் என ஒரு நாளைக் குறிப்போம். வருவோர் ஒவ்வொருவரும் அவ்வாண்டிற் கற்ற ஒரே ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுக. நூல் எது, அதில் இன்றும் நினைவில் நிற்பது எது, தம் வாழ்வோ தொழிலோ அறிந்தபடி அதில் மெய்யாவது எது, பொய்யாவது எது, அதனை யார் படித்தல் நலம் என்னும் நான்கிற்கும் விடை கூறுக. இளைய மாணவர் இருவர் அவற்றை ஒரு பெரும் புத்தகத்தில் எழுதிக்கொள்க. அப்புத்தகம் நூல்நிலையத்தில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். அவ்வாறாயின், இருபதுபேர் கூடும் ஒரு மாலையில் ஒருவர் இருபது நூல்களின் பயனில் ஒரு பகுதியைப் பெறுவர்.

நூலகக் கலையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன் அவர்கள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். அவர் பயின்ற காலத்தில் அக்கல்லூரி துறைமுகத்துக்கு அண்மையில் எஸ்பிளனேடில் இருந்தது. 1937-ஆம் ஆண்டிலேதான் தாம்பரம் சென்றது. அவர் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அலமாரியில் உறங்கும் நூலை உரியவரிடம் சேர்ப்பதற்கு, அதனைக் கற்ற ஒருவர் வாய்ச்சொல்லினும் விரைந்த தூது வேறில்லை. சென்னையில் 1977 முதல் நடைபெற்று வரும் புத்தகக் காட்சியில் நூல்கள் கட்டுக்கட்டாக விற்கின்றன. வாங்கிய நூல் வீட்டிற்குச் சென்றபின் யாதாயிற்று என்பதை விற்பனைக் கணக்குக் காட்டாது. நூற்கணக்கு நாள் காட்டும்.

இரண்டு தடைகள் கூறப்படலாம். நேரமில்லை என்பது ஒன்று. முறைவேலை செய்வோர் மிகுந்த நம் பகுதியில் இத்தடை மெய்யே; அதனாலேயே ஆண்டுக்கு ஒரு நாளும் ஒரு நூலும் போதும் என்றேன். நம் கருத்தைக் கூறினால் பிறர் நகைப்பரோ என்னும் அச்சம் மற்றொன்று. உலகம் புகழும் நூல் தனக்குச் சுவைக்கவில்லை என்று கூற நாணுபவர் பலர். அந்நாணத்தாலேயே பொய்ப்புகழ் வளர்கின்றது. காரணத்தோடு கூறும் மறுப்பு நூலுக்கும் நன்மை, கேட்போர்க்கும் நன்மை. பெரியவர் காற்று இல்லை என்று கூறியதால் அக்கடற்கதை என் கண்ணுக்குத் தாழ்ந்துவிடவில்லை. அன்று முதல் எந்தக் கடற்கதையையும் காற்றைத் தேடியே படித்து வருகின்றேன்.

எனவே, நண்பர்களே, இவ்வாண்டு நீங்கள் கற்ற நூலின் பெயரை எழுதுங்கால் அதனருகே ஒரு வரி இடம் விட்டு, உங்கள் கருத்தையும் எழுதுமின். உங்கள் வீட்டிலும் தெருவிலும் நூல் கற்கும் முதியோர் இருப்பின், அவர்பாற் சென்று கேட்டு, அவர் கூறுவதையும் எழுதிக்கொள்மின். கேட்பதற்கு உரியவர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும்.