மருத்துவ மதிப்பாய்வுகளில் இலக்கியத் தேடலும் பெயர் வழக்கும்

திருமலை அடிவாரத்திலும் சித்தூர்ப் பகுதியிலும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. மஞ்சட்காமாலைக்கு நாட்டு மருத்துவம் கையாளும் செடியொன்றைத் தமிழர் கீழாநெல்லி என்பர். தெலுங்கர் நேல உசிரி என்பர். வடமொழியில் அது பூம்யாமலகீ. பேச்சில் இவ்வேறுபாடு இடர் செய்வதில்லை. ஆய்விலக்கியத்தைத் தேடுகையில் அதுவே இடராகிறது.

முறைசார் மதிப்பாய்வு என்பது ஒரு வினாவிற்குரிய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோடுவதாகும். தரவுத்தளமோ கொடுத்த சொல்லையும், தன் சொல்லடைவில் அதனோடு இணைத்துள்ளவற்றையுமே தேடும். சொல் விடுபடின் ஆய்வும் விடுபடும்.

கீழாநெல்லியின் அறிவியற்பெயரே இதற்குச் சான்று. இந்திய நூல்கள் பல அதனைப் பில்லாந்தஸ் நிரூரி எனக் குறித்து வந்தன. அப்பெயர் அமெரிக்க நிலப்பகுதிச் செடிக்குரியது என்பதும், இங்குள்ளது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ் என்பதும் பின்னர்த் தெளிவாயின. வெங்கடேசுவரன், மில்மன், பிளம்பர்க் ஆகியோரின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் நிரூரி உள்ளது. தியாகராசன் குழுவினர், வெங்கடேசுவரனும் பிளம்பர்க்கும் உடனிருக்க, 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரைத் தலைப்பில் அமாரஸ் உள்ளது.

அவ்வாய்வில் மருந்துண்ட 37 பேருள் 22 பேருக்கு ஹெபடைடிஸ்-பி மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. போலிமருந்துண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. 1990இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு இப்பயனைக் காணவில்லை. 2011ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, போலிமருந்தினும் இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என முடித்தது. முதல் ஆய்வை மட்டும் கண்டவர் நோயாளிக்கு வீண் நம்பிக்கை அளித்திருப்பார்.

எனவே, தேடலுக்குமுன் ஒவ்வொரு கருத்திற்கும் பெயர்த்தொகுதி அமைத்தல் வேண்டும். வட்டாரப் பெயர், பழம்பெயர், பிழைப்பெயர், எழுத்து வேறுபாடு யாவும் அதில் இடம்பெறும். திருப்பதி என்னும் ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் 'எச்' எழுத்துச் சேர்ந்தும் சேராமலும் எழுதப்படுகிறது. ஒரு தொகுதிக்குள் உள்ள சொற்களை 'அல்லது' என்றும், செடித் தொகுதியையும் நோய்த் தொகுதியையும் 'மற்றும்' என்றும் இணைத்தல் முறை. பெயர்கள் பெருகின் தொடர்பற்ற கட்டுரைகளும் பெருகும். அவற்றைப் படித்து விலக்கலாம், விடுபட்டதை விலக்கவும் இயலாது, சேர்க்கவும் இயலாது. தேடற்றொடரை முழுமையாக வெளியிடுமாறு 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் நெறிமுறை கூறுகிறது. பிறர் சரிபார்க்க அதுவே வழி.

இத்தொகுதிகளை அமைத்தல் மொழியறிஞர் பணியுமாகும். மூலத்திலுள்ள பழம்பெயரைத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர், திருத்திய பெயரோடு மூலப்பெயரையும் காத்தல் வேண்டும். அதனை நீக்கின், அந்த ஆய்வை அடையும் வழியொன்று அடைபடும்.