தூசி சொல்லும் சாட்சியம்

ஐப்பசி முன்னிரவில் மேகம் விலகினால், தெற்கு வானில் ஒரு விண்மீன் தனித்து ஒளிர்வதைக் காணலாம். 25 ஒளியாண்டு தொலைவிலுள்ள அதன் பெயர் ஃபோமல்ஹாட். வயது சுமார் 44 கோடி ஆண்டுகள். 460 கோடி ஆண்டுகளைக் கடந்த நமது சூரியனோடு ஒப்பிட்டால் அது இளம் விண்மீன்.

அதைச் சுற்றித் தூசி இருப்பதை 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி உணர்த்தியது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று வளையங்களைக் காட்டியது. அவை விண்மீனிலிருந்து 2,300 கோடி கி.மீ. வரை, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப்போல் 150 மடங்கு வரை பரந்துள்ளன. நுண்தூசியை விண்மீனின் ஒளியழுத்தம் வெளியே தள்ளிவிடும். ஆகவே, சிறுகோள்களும் வால்விண்மீன்களும் ஓயாமல் மோதி நொறுங்கிப் புதிய தூசியை உண்டாக்கிக் கொண்டிருக்க வேண்டும்.

வளையங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களே ஆய்வாளர்களை ஈர்க்கின்றன. நமது சூரிய மண்டலத்தில் சிறுகோள் பட்டையை வியாழனின் ஈர்ப்பும், கைப்பர் பட்டையின் உள்விளிம்பை நெப்டியூனின் ஈர்ப்பும் வடிவமைக்கின்றன. ஃபோமல்ஹாட்டிலும் புலப்படாத கோள்கள் அப்பணியைச் செய்யக்கூடும் என்பது அவர்களின் கணிப்பு.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இத்தகைய கணிப்பு புதிதன்று. கணக்கில் வராத வருமானத்தை எவரும் நேரில் காண்பதில்லை. காட்டிய வருமானத்துக்கும் செய்த செலவுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு அதை ஊகிக்கிறோம். அச்செலவு கடனிலிருந்தோ பழைய சேமிப்பிலிருந்தோ வந்திருக்கலாம் என்பதை மறந்தால் ஊகம் பிழையாகிவிடும்.

வானியலும் இதற்கு விலக்கன்று. யுரேனஸின் பாதையில் தெரிந்த பிறழ்வைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணக்கிட்ட இடத்துக்கு அருகிலேயே 1846-இல் நெப்டியூன் தென்பட்டது. புதனின் பாதைப் பிறழ்வுக்கும் 'வல்கன்' என்றொரு கோளே காரணம் என்றார் அவர். அப்படியொரு கோளே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அப்பிறழ்வை விளக்கியது.

ஃபோமல்ஹாட்டிலும் இத்தகைய சறுக்கல் நேர்ந்தது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் நகர்ந்த ஓர் ஒளிப்புள்ளி, 2008-இல் கோள் என அறிவிக்கப்பட்டது. ஆனால், கோளிடம் எதிர்பார்க்கப்படும் அகச்சிவப்புக் கதிர் அதிலிருந்து கிடைக்கவில்லை. மெல்ல விரிந்து மங்கிய அப்புள்ளி 2014-ஆம் ஆண்டுப் படங்களில் காணப்படவில்லை. இரு பனிப்பொருள்கள் மோதிச் சிதறிய தூசி மேகமே அது என 2020-இல் ஓர் ஆய்வு முடிவு செய்தது.

உலகமே பேசிய ஒரு கண்டுபிடிப்பையும் சான்று ஒத்துழைக்காதபோது மறுபரிசீலனை செய்ய வானியலாளர்கள் தயங்கவில்லை. ஒருமுறை வெளியிட்ட மதிப்பீட்டைத் திரும்பப் பெற எங்கள் துறையில் அவ்வளவு எளிதில் மனம் வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை. ஃபோமல்ஹாட்டின் மறைந்த கோள்கள் நாளை புலப்படலாம், புலப்படாமலும் போகலாம். அதுவரை அவற்றை ஊகம் என்றே சொல்லும் நேர்மையை நாங்களும் கற்க வேண்டும்.